செத்த வண்டிக்கு ஏலம்

போன மாதம் மூணாறு மலைப்பாதையில் என் மூத்த மகன் ஓட்டிச் சென்ற தேயிலை லாரி சறுக்கி, பின்சக்கரங்கள் இரண்டும் பள்ளத்துக்கு மேல் தொங்க நின்றது. அவன் கதவைத் திறந்து குதித்துவிட்டான். கால் மணி நேரம் கழித்து லாரி கீழே போயிற்று. அவனுக்குக் கீறல்கூட இல்லை. எனக்குத்தான் இன்னும் பயம் விடவில்லை. அவன் வெளியே கிளம்பினால் திரும்பி வரும்வரை கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

அந்த லாரியைப் பார்வையிட இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். ரோட்டின் ஓரத்தில் நின்று கீழே எட்டிப் பார்த்தார்கள். அச்சடித்த பாரத்தில் கட்டங்களை நிரப்பினார்கள். அரை மணியில் வேலை முடிந்தது. நானும் இதே வேலையில் பதினெட்டு வருஷம் இருந்து, பார்வை மங்கியதால் ஐம்பத்திரண்டு வயதில் விலகியவன் என்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார்கள். "இந்தப் பாரமெல்லாம் வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தீர்கள்? எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கண் சரியாகத் தெரியாததால் எழுத்து கோணலாக இருக்கிறது. மகன்தான் நகல் எடுக்கிறான்.

பள்ளிக்கூடப் படிப்பை முடித்துவிட்டுப் பொள்ளாச்சியில் ஒரு கடலை மண்டியில் கணக்கெழுதினேன். அங்கே லாரி வந்தது. லாரி வந்ததும் பழுது வந்தது. பழுதுக்குப் பில் எழுதியே வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் எனக்குப் பாடமாயிற்று. அப்படித்தான் பாலக்காட்டில் மோட்டார் சேதங்களை மதிப்பிடும் சர்வேயர் ராமநாதய்யரிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன்.

ஐயர் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். ரயில்வே பட்டறையில் இருந்துவிட்டு வந்தவர். அடிபட்ட வண்டியின் அருகே போனதும் நோட்டை எடுக்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று முறை சுற்றி வருவார். பிறகு ஒரே கேள்வி: "இதைக் கடைசியாத் தொட்டது யாரு?" வண்டிக்காரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கூஜாவில் மோர் கொண்டுபோவார். இரக்கமாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை, கடுமையாகவும் கேட்டதில்லை.

அவருடைய முக்கியக் கருவி ஒரு நூல். சேஸ் என்று சொல்லும் அடிச்சட்டம் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முன் இடது மூலையில் ஸ்பிரிங் வில் மாட்டும் துளையிலிருந்து பின் வலது மூலைத் துளைக்கு நூலைக் குறுக்காக இழுத்துப் பிடித்து முடிச்சுப் போடுவோம். அதே நூலை மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடிப்போம். இரண்டு அளவும் ஒன்றானால் சட்டம் நேர். கால் அங்குலம் வித்தியாசம் என்றால் பட்டறையில் நிமிர்த்தலாம். ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் அந்த வண்டி இனி ரோட்டில் நேராக ஓடாது. முழுச் சேதம் என்று எழுதிவிடுவார்.

குமுளியிலிருந்து கம்பத்துக்கு இறங்கும் வழியில் ஒரு முறை ஏலக்காய் லாரி கவிழ்ந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஐயர் மூன்று சுற்று முடித்ததும் என்னிடம் மெல்ல, "வேலுச்சாமி, விழுந்த லாரியில மாத்துச் சக்கரமும் பாட்டரியும் எங்க? அதுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிஞ்சு எறங்கிடுத்தோ?" என்றார். அழுகை உடனே நின்றது. இப்படி ஏமாற்று வேலைகள் நிறையப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் நான் சொல்லப்போகும் விஷயத்தை முதலில் நாங்களே நம்பவில்லை.

பாலக்காட்டு ரோட்டில் கோபாலபுரம் சுங்கச் சாவடிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே பழனியம்மாள் என்று ஒரு விதவை. நிலத்தில் பாதியை விற்று ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சி வழித்தடத்தில் விட்டிருந்தார். ஓட்டியது அவருடைய ஒரே மகன் நாச்சிமுத்து. மார்கழி மழையில் எதிரே வந்த கட்டைவண்டிக்கு ஒதுங்கியபோது பஸ் புளியமரத்தில் மோதி வாய்க்கால் கரையில் உருண்டது. பிரயாணிகள் நான்கு பேர் சிராய்ப்போடு தப்பினார்கள். நாச்சிமுத்துவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு விஷயம் எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஊர் வாத்தியார் சொல்லி, அவர் கையாலேயே எழுதிப் போடும்போது ஒரு மாதம் ஆகிவிட்டது. நாங்கள் போய் இறங்கியபோது தை பிறந்து பத்து நாள் இருக்கும். பழனியம்மாள் நெல் புடைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வண்டி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார் ஐயர்.

"செத்துப் போச்சுங்க சாமி."

"அது தெரியும். செத்த வண்டி எங்க?"

"குடுத்தாச்சுங்க."

"வித்துட்டயா?"

"விக்கறதாவதுங்க. கேட்டவீங்களுக்குக் குடுத்தாச்சு."

ஐயர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரியாதது எனக்குப் புரிந்தது. நான் அந்தப் பக்கத்துக்காரன். அந்த ஊர்களில் உழவு மாடு செத்தால் அதைக் கண்முன்னால் போட்டு வைக்க மாட்டார்கள். கொம்போ தோலோ, கேட்டவர்களுக்குக் கொடுத்து எடுத்துவிடச் சொல்வார்கள். அதற்கு ஒரு காசு வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. வாங்கினால் பட்டியில் நிற்கிற மாடும் தங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. மகனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மூன்றாம் நாள் ஊருக்கு வந்த பழனியம்மாள், ரத்தக் கறையோடு கிடந்த பஸ்ஸைப் பார்த்துவிட்டு, மாட்டுக்குச் சொல்வதைத்தான் அதற்கும் சொல்லியிருக்கிறார்.

பாலிசியிலோ, கம்பெனி பார்வையிடும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று இருக்கிறது. "வண்டி காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு நாங்கள் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஐயர் பென்சிலை எடுத்துவிட்டார்.

அப்போதுதான் உள்ளே பார்த்தேன். கட்டிலில் ஒரு பையன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். இருபத்திரண்டு வயது. நாங்கள் பேசியது அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கும்; திரும்பவில்லை.

"பேசறதில்லீங்க" என்றார் பழனியம்மாள். "பர்மிட்டுப் போயிருமோன்னு மட்டும் ஒருக்கா கேட்டான். பங்குனிக் கடைசிக்குள்ள வேற வண்டி உடலீன்னா தடத்த இன்னொருத்தருக்குக் குடுத்துருவாங்களாமா. அவனால ஓட்ட முடியாதுங்க. ஆள் வெச்சு ஓட்டி அவன் பாத்துக்கலாம். தடமும் போச்சுன்னா இவன் எதுக்குங்க எந்திரிப்பான்?"

என் மூத்த மகனுக்கு அப்போது பதினைந்து வயது. மோட்டார் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தான். நான் ஐயரிடம், "ரெண்டு நாள் குடுங்க. வண்டியக் கொண்டாந்து காட்டறனுங்க" என்றேன்.

"இது உன் வேலையில்லை, வேலுச்சாமி."

"தெரியுமுங்க."

ஐயர் கொஞ்ச நேரம் கூஜாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் போறேன். நாளன்னிக்குக் காலம்பற வருவேன். வண்டி இருந்தா அளப்பேன். இல்லேன்னா எழுதிடுவேன், கேட்டயோ" என்றார்.

பழனியம்மாளுக்கு ஆஸ்பத்திரிச் செலவோ, ஊர்ப் பேச்சோ பெரிதாக இல்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதுதான் நாக்கில் வரவில்லை. முதல் வீட்டு வாசலில் நின்று, "குமாஸ்தாய்யா, நீங்களே கேளுங்க" என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திருப்பிக் கேட்கவில்லை, ஐயர் கண்ணில் காட்ட இரண்டு நாள் இரவல் கேட்கிறோம் என்று சொல்லச் சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் பிடித்தது. அதற்குப் பிறகு அவரே முன்னால் நடந்தார்.

ஓட்டுநர் இருக்கை நாவிதர் பொன்னன் வீட்டில் இருந்தது. "இதுல குந்த வெச்சுத்தான் இப்பச் செரைக்கறேன். கொண்டு போனீங்கன்னா அரை மூஞ்சியோட ஆளுக காத்துக் கெடப்பாங்க" என்றார். ஹாரன் கள்ளுக்கடையில். "கடை அடைக்கறப்ப ஊதுவோம். அதில்லாம எவனும் எந்திரிக்க மாட்டான்" என்றார் கடைக்காரர். டயர்கள் செருப்பாகிவிட்டன. எத்தனை ஜோடி என்று கேட்டால் ஆளாளுக்குக் காலைத் தூக்கிக் காட்டினார்கள். ரேடியேட்டரின் பித்தளையைப் பாத்திரக்காரர் உருக்கி அண்டா வார்த்திருந்தார். அந்த அண்டாவையே தலையில் வைத்துக் கொண்டுவந்தார். இஞ்சின் ஒரு தோட்டத்துக் கிணற்று மேட்டில் கிடந்தது, பக்கச் சுவரில் கை நுழையும் வெடிப்போடு. தண்ணீர் இறைக்க ஆகுமா என்று பார்த்துவிட்டு விட்டிருந்தார்கள். பாலிசியில் உள்ள எண்ணைப் பொறித்த தகடு அதில் அப்படியே இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

அடிச்சட்டம் மட்டும் அசையவில்லை. வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்து, பாலமாக்கியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் பழனியம்மாளின் நெற்களத்தில் பஸ் இருந்த அமைப்பிலேயே பரப்பினேன். முன்னால் அண்டா. அதன் பின்னால் இஞ்சின். நாவிதரின் இருக்கை. சக்கரம் இருக்கவேண்டிய நான்கு மூலைகளிலும் செருப்புகள். ஊரே வந்து பார்த்துச் சிரித்தது. பழனியம்மாளும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். ஐயர் சொன்ன காலையில் வந்து, சிரிக்காமல் மூன்று முறை சுற்றினார். செருப்புகளைக் குனிந்து எண்ணிப் பார்த்து, "இதுல நாலாவது டயர் யார் கால்ல இருக்கு?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவர் வெட்கப்பட்டுக் கழற்றி வைத்தார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் நின்று, பலகைகளைக் கழற்றச் சொல்லி, நூல் பிடித்தோம். குறுக்களவு இரண்டுக்கும் இரண்டே முக்கால் அங்குலம் வித்தியாசம். மறுபடி பிடித்தோம். அதே அளவு. மூன்றாம் முறையும் பிடிக்கச் சொன்னார்.

"பாலமாப் போட்டதுக்கு அப்பறம் வண்டி ஏறி வளைஞ்சதுன்னு கம்பெனியில கேப்பா. என்ன சொல்லுவே?" என்றார்.

நான் புளியமரத்தைக் காட்டினேன். பட்டையில் இரண்டு குழிகள், பிசின் வடிந்து கறுத்திருந்தன. சட்டத்தின் முன்னால் நீண்டிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே உள்ள தூரத்தை நூலில் முடிந்து எடுத்துப் போய் மரத்தில் வைத்தோம். குழிக்குக் குழி சரியாக உட்கார்ந்தது. தரையிலிருந்து குழிகளின் உயரத்தையும் அளந்தோம். ஒன்று மேலே, ஒன்று கீழே. இடதுகொம்பு எந்தப் பக்கம் மடிந்திருந்ததோ அதே சாய்வு. ஐயர் மரத்தடியிலேயே உட்கார்ந்து எழுதினார். முழுச் சேதம். விபத்துக்கு முந்தின நாள் சந்தை மதிப்பு இரண்டாயிரம் ரூபாய்.

கம்பெனி அதை அப்படியே ஏற்கவில்லை. மாசி பாதியில் மதராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழர்தான், ஆனாலும் தொப்பி போட்டிருந்ததால் ஊரார் துரை என்றே அழைத்தார்கள். நல்ல மனிதர், ஆனால் காகிதத்துக்கு வெளியே ஒன்றையும் நம்பாதவர்.

"முழுச் சேதம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மிச்சப் பொருள்கள் கம்பெனிக்குச் சேர வேண்டியவை. அவற்றை இந்த அம்மாள் விற்றிருக்கிறார். அதற்குத் தொள்ளாயிரம் கழித்து ஆயிரத்து நூறு தருகிறோம்" என்றார்.

"விக்கலீங்க தொரை" என்றார் பழனியம்மாள். "வாங்காத காசக் கழிக்கறீங்களே, அதெந்த ஊரு நாயமுங்க?"

அதிகாரி பொன்னனைக் கூப்பிட்டு, இருக்கைக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார். பொன்னனுக்கு முகம் சிவந்துவிட்டது. "செத்ததுக்குக் காசு குடுக்கற குடும்பமுங்களா நாங்க?" என்றார். பாத்திரக்காரரிடம் கேட்டபோது அவர் அண்டாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள்" என்று அதிகாரி ஐயரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

ஆயிரத்து நூறுக்குப் பழைய வண்டிகூட வராது. பங்குனிக் கடைசிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. நான் பாலிசியை எடுத்துப் பின்பக்கத்தைப் பிரித்தேன். மிச்சப் பொருள்களின் மதிப்பில் தகராறு வந்தால் பொது ஏலத்தில் விட்டு, ஏலத்தில் வந்த தொகையையே கழிக்கலாம் என்று ஒரு விதி உண்டு. அதைப் படித்துக் காட்டி, "பொருள் பூராவும் இந்த ஊர்லதான் இருக்குதுங்க. ஏலம் விட்டுரலாமுங்களே" என்றேன். அதிகாரிக்கு இது பிடித்துப் போயிற்று. தொள்ளாயிரத்துக்கு மேலேகூட வரும் என்று நினைத்திருப்பார். ஐயர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இங்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த ஏலத்தில் என்ன நடக்கும் என்று எனக்குப் பாதி தெரிந்திருந்தது. கம்பெனியின் சம்பளம் வாங்குகிற சர்வேயரின் குமாஸ்தா நான். செய்தது சரிதானா என்று அன்றைக்கும் கேட்டுக்கொண்டேன், இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன். விதியில் இருந்ததைத்தான் படித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இருபது நாள் நோட்டீஸ் கொடுத்து, பொருள்களை மறுபடி களத்தில் பரப்பி, பங்குனி ஐந்தாம் தேதி ஏலம். பழைய இரும்பு வியாபாரிகள் இருவர் வந்தார்கள். பொள்ளாச்சிக்காரர் இஞ்சினைத் தட்டிப் பார்த்தார், நல்ல இரும்பு என்றார், ரத்தம் பட்ட பலகையைப் பார்த்தார். யாருடைய வண்டி, எப்படிப் போனது என்று விசாரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு, "இந்த ஏவாரம் நமக்கு ஆகாதுங்க. எங்கூட்லயும் மாடு கன்னு இருக்குது" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

பாலக்காட்டு வியாபாரி அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர். நூறு ரூபாய் கேட்டார். நான் நூறு ரூபாய் ஒரு தரம் என்று கூவினேன்.

"வண்டி பிடிச்சு ஏத்தணும். இங்க ஆரு வாடகைக்கு வருவீங்க?" என்று அவர் கேட்டார்.

களத்தோரம் நான்கு கட்டைவண்டிகள் நின்றன. வண்டிக்காரர்களில் ஒருவர் எழுந்து மாட்டைப் பூட்டினார். மற்றவர்களும் பூட்டினார்கள். நான்கு வண்டிகளும் வரிசையாக ரோட்டில் ஏறிப் போய்விட்டன.

"எறங்கி அந்தச் சட்டத்த எடுக்கறதுக்கு ஆளாவது கெடைக்குமா?"

"அது பாலமுங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர். "நீங்க எடுத்தீங்கன்னா, போறப்ப நீந்தித்தான் போவோணும்."

பாலக்காட்டிலிருந்து லாரியும் ஆளும் கொண்டுவர ஆகும் செலவை அவர் விரலில் மடக்கினார். பிறகு, நூறு ரூபாய்க் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றார். நான் மறுபடி கூவினேன். பத்து ரூபாய்க்கு யாராவது? ஒரு ரூபாய்க்கு? ஊரே நின்றது, ஒருவரும் கேட்கவில்லை. மூன்று தரம் கூவி முடித்தேன்.

அதிகாரி தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "அப்படியானால் பொருள் கம்பெனிக்குச் சொந்தம்" என்றார்.

"எடுத்துட்டுப் போங்க தொரை" என்றார் பழனியம்மாள். "அண்டாவத் தலையில வெச்சுக்குங்க. செருப்பக் கால்ல தொட்டுக்குங்க. மத்ததுக்கு அப்பறமா ஆள் உடுங்க."

சிரித்தது முதலில் அதிகாரிதான். ஐயர் கழிவுக் கட்டத்தில் ஒரு கோடு போட்டு, ஏலத்தில் கேள்வி வரவில்லை என்று எழுதினார். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

பணம் பங்குனி இருபதாம் தேதி எங்கள் பாலக்காட்டு ஆபீஸுக்கு வந்தது. அதிகாரியே கொண்டுவந்தார். பழனியம்மாள் மகனையும் கட்டை ஊன்றவைத்து அழைத்துவந்திருந்தார். வெளியே பெஞ்சில் அவன் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மேஜைமேல் இரண்டாயிரமும் பக்கத்தில் ரசீதும் இருந்தன. பழனியம்மாளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. படித்துச் சொல்லச் சொன்னார். மேற்படி விபத்தினால் உண்டான, இனி உண்டாகக்கூடிய, எல்லா வகையான நஷ்டத்துக்கும் இத்துடன் கணக்கு முழுமையாகத் தீர்ந்தது என்று சொன்னேன்.

"எல்லா நஷ்டத்துக்குமுங்களா?"

"ஆமாங்க."

"எம்பையன் காலுக்கும் சேத்துங்களா?"

பாலிசி வண்டிக்கு மட்டும்தான், ஓட்டியவருக்குக் கிடையாது, காலுக்குக் கம்பெனி ஒன்றும் தரவேண்டியதில்லை என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார்.

"தர வேண்டாமுங்க. நானும் கேக்கலீங்க. ஆனாத் தீந்து போச்சுன்னு நான் எழுதிக் குடுக்க மாட்டனுங்க."

"அச்சடித்த ரசீது அம்மா. எல்லாருக்கும் இதேதான்."

பழனியம்மாள் பேனாவை மேஜைமேல் வைத்தார். பணத்தைப் பார்க்கவே இல்லை. அன்று கிளம்பினால்தான் கோயமுத்தூரில் சேஸ் கிடைக்கும். அதன்மேல் பஸ் கூடு கட்டிப் பர்மிட் ஆபீஸில் காட்ட அதற்கு மேல் நாள் இல்லை. அது அவருக்குத் தெரியும். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஐயர் ரசீதைத் தம் பக்கம் இழுத்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு முறை முழுதும் படித்தார். "வேலுச்சாமி, 'எல்லா வகையான நஷ்டத்துக்கும்'ங்கறதை அடி. மேலே 'வண்டிக்கு மட்டும்'னு எழுது" என்றார். அடித்தேன். எழுதினேன். ஓரத்தில் அவர் தம் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டு, காகிதத்தை அதிகாரியின் முன்னால் தள்ளினார். அதிகாரி வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஐயரின் கையெழுத்துக்குக் கீழே தம்முடையதையும் போட்டார்.

பழனியம்மாள் அந்த இரண்டு சொற்களும் எங்கே இருக்கின்றன என்று என்னிடம் கேட்டு, அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தார். பெயரின் ஏழு எழுத்தையும் நிறுத்தி நிறுத்தி எழுதினார். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், "நாச்சிமுத்து, எந்திரி. கோயமுத்தூரு வண்டிக்கு நேரமாச்சு. எந்தச் சேஸ் நல்லதுன்னு எனக்கென்ன தெரியும்?" என்றார்.

அவன் கட்டையைத் தேடினான். எடுத்துக் கொடுக்கப் போன என் கையை அவர் பிடித்து நிறுத்தினார். அவனே குனிந்து எடுத்தான், எழுந்தான்.